பேஜாரு பெஞ்சு

மகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் கடைசியில் கட்டில் கிடைத்தது எனக்கு. இன்றைக்குச் சொன்னால் வேடிக்கையாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இதை வெளியே சொல்லவே பயந்தார்கள். எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஆரம்பாக்கம் முழுக்கச் சொல்லி வைத்தார்கள். ஊர் திரும்பியதும் பார்க்க வந்தவர்களெல்லாம் தையல் எங்கே என்று என் கழுத்தை எட்டி எட்டிப் பார்க்க, சித்திரை வெயிலில் ஒரு மாதம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடமாடினேன். அந்தத் துண்டுக்குள் என்ன இருந்தது என்று இப்போதாவது சொல்லிவிடலாம். எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. தையலைத் தேடியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள்.

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. போன மாதம் என் தம்பி மருமகள் உமா, தன் மகனைப் பட்டணத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று வயதாகியும் அந்தக் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. கையில் தடியாக ஒரு ஃபைல். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த உட்காருதல் எனக்கு நன்றாகத் தெரிந்த உட்காருதல். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது செவ்வாப்பேட்டை. திருவள்ளூரில் எட்டாவது வரை படித்தேன். கட்டிக்கொடுத்தது ஆரம்பாக்கத்தில், சொந்தமாக நெல் வயல் வைத்திருந்த குடும்பத்தில். என் வீட்டுக்காரர் எத்திராஜு நல்ல மனுஷர், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் நஷ்டம் என்று நினைப்பவர். அவருடைய அண்ணன், என் மூத்தார், வீட்டுக்குப் பெரியவர். அந்தக் காலத்தில் மூத்தார் எதிரில் நின்று பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று அவர் மனைவியிடம், என் ஓர்ப்படி கன்னியம்மா அக்காவிடம் சொல்வேன். அக்கா அதை அவரிடம் சொல்வார்கள். மூத்தார் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார், நான் சொன்னது ஏற்கெனவே அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அக்கா முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை ஒன்றுமே கேட்காதவர் போல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

கோமளா பிறந்தவுடன் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், கன்னியம்மா அக்கா வெண்கலத் தட்டை எடுத்துக் காதோரம் அடித்தார்கள். அப்புறம்தான் சன்னமாக ஒரு சத்தம் வந்தது. எட்டு மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை. இரண்டு வயதில் உட்கார்ந்தாள், நான்கு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு மட்டும் வரவே இல்லை. பசிக்கும் சிரிப்புக்கும் கோபத்துக்கும் அவளுக்கு 'ஆ' ஒன்றுதான். எது எந்த 'ஆ' என்று எனக்கு மட்டும் புரியும்.

ஊரில் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? கிரகணத்தன்று நான் வெளியே வந்தேனாம். பூசணிக்காய் நறுக்கினேனாம். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால், வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்று நம்பிக்கை. நானும் பிறந்த வீட்டுக்குப் போகிற சாக்கில் அமாவாசை தவறாமல் போய்க் கரைத்தேன். அந்தக் குளத்து மீன்கள் என் வெல்லத்தைத் தின்றே கொழுத்தன என்று சொல்ல வேண்டும்.

கோமளாவுக்கு ஐந்து முடிந்தபோது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். அப்போது ஆஸ்பத்திரி என்றால் கரி எஞ்சின் இழுக்கும் காலை பாசஞ்சரும் சேர்த்துத்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், ஆனால் கோமளாவுக்கு ஜன்னல் வேண்டும். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறும்போதே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"இம்மாம் பெரிய பொண்ண இன்னும் இடுப்புல வச்சினு கீறியே, எறக்கி வுடும்மா, நடக்கட்டும்!"

வண்டியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கோமளாவின் கதையைச் சொல்ல என்னால் ஆகாது. "கால்ல முள்ளு குத்திகிச்சு" என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருடம் வாரா வாரம் என் மகளுக்கு முள் குத்தியது.

செவ்வாய்க்கிழமை இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று தனியாகப் பார்ப்பார்கள். சீட்டு வாங்கி, எடை போட்டு, வரிசையில் உட்கார்ந்து, மத்தியானம் ஆகிவிடும். முதல் மாதத்தில் கோமளாவுக்குத் தலையில் ஒரு சோதனை செய்தார்கள். முடியை வகிர்ந்து, களிமண் மாதிரி ஒரு பசையைத் தடவி, அதில் மெல்லிய ஒயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக இழுக்கிற மெஷின். ஷாக் அடிக்குமோ என்று நான்தான் அழுதேன். கோமளா ஓடுகிற காகிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் முடிவு சொன்னார். பிறக்கும்போது மூச்சு வர நேரமானதால் மூளைக்குக் காற்று போதாமல் சில இடங்கள் பழுதாகிவிட்டன. அது இனிமேல் பரவாது, ஆனால் மருந்தில் சரியாகவும் ஆகாது. ஒவ்வொன்றாகப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். "நான் பண்ண தப்பா சார்?" என்று கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். வெளியே கூட்டம் அப்படி, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதில் வராத அந்தக் கேள்வியை நான் ஊருக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

பழக்கினேன். காலையும் சாயங்காலமும் கால் நீட்டி மடக்குவது, கையில் பயற்றம்பருப்பை அள்ளவைப்பது, டம்ளரைப் பிடிக்கவைப்பது. நடவு, களை, அறுவடை எது வந்தாலும் இது நிற்காது. இரண்டாம் வருடம் மார்கழியில் எனக்குத் தூக்கம் போனது. பிறகு உள்ளங்கை மரத்துப்போய், கொதிக்கும் உலையைக் கீழே போட்டேன். அதற்கப்புறம் தொண்டை. ஒரு நெல்லிக்காய் நடுவில் மாட்டிக்கொண்டது போல இருக்கும், சோறு இறங்காது. கன்னியம்மா அக்கா ரசத்தில் சோற்றைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் திரும்பி வந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆகி, நான் பார்க்க வேறு யாரோ மாதிரி ஆனேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சீட்டு வரிசையிலேயே மயங்கி விழுந்தேன். விழும்போதும் கோமளாவை விடவில்லையாம், நர்ஸ் சொன்னாள். என்னைக் கட்டிலில் போட்டார்கள். குழந்தையைப் பிரிக்க முடியாது என்று பார்த்த வார்டு சிஸ்டர், விதியை ஓரம் வைத்துவிட்டு, கோமளாவையும் என்கூடவே படுக்கவிட்டார்கள். அந்தம்மா நன்றாக இருக்கட்டும்.

அங்கே எட்டு நாள் இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒரு நாள் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒரு கஞ்சியைக் குடிக்கவைத்து, அது தொண்டையில் இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். கோமளாவும் குடிப்பேன் என்று அடம்பிடித்தாள். எல்லாச் சோதனைக்கும் ஒரே பதில்: ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? புற்றுநோய் என்று சொல்லியிருந்தால்கூட அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு அவமானமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டு நாளும் வராந்தாவிலேயே இருந்தார். காலையில் நாஷ்டா வாங்கி வருவார், நான் சாப்பிடாததை அவரே சாப்பிடுவார், எறிவதில் அவருக்குச் சம்மதமில்லை. கோமளாவுக்குத் தலை வாருவார். இரண்டு பின்னலும் நெற்றிப் பக்கம் வந்து நிற்கும். நர்ஸுகள் அதைப் பார்க்கவென்றே எங்கள் கட்டிலுக்கு வருவார்கள். கன்னியம்மா அக்கா தன்னுடைய நல்ல புடவையைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள், "ஆஸ்பத்திரில நாலு பேரு பாப்பாங்க" என்று சொல்லி.

நாலாம் நாள் மூத்தார் வந்தார். கட்டிலுக்குப் பத்தடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தம்பியிடம் பேசினார்.

"எத்திராஜு, அதுகிட்ட சொல்லு. இந்த மாதிரிக் கொழந்தைங்கள வச்சிப் பாக்கற ஊடு ஒண்ணு பட்டணத்துல கீதாம். தை பொறந்தா ஒரு எடம் காலியாவுதாம். பாரம் வாங்கியாந்துகீறேன். தாயாரு கையெழுத்துப் போட்டாத்தான் எடுத்துப்பாங்களாம்."

என் வீட்டுக்காரர் கோமளாவின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

"நான் கல்லு நெஞ்சுக்காரன் இல்லடா. அந்தக் கொழந்த என் ஊட்டுக் கொழந்த. ஆனா இதப் பாரு, எலும்பா கீது. ஒண்ணு பொழைக்க முடியாதுன்னு ரெண்டயும் வுட்றதா?"

இப்போதும் சொல்கிறேன், அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பிழைக்க வேண்டும் என்று வீட்டில் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆனால் கையெழுத்துப் போட்டால் கோமளாவின் 'ஆ' யாருக்குப் புரியும்? போடாவிட்டால் நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன்? அந்தச் சேர்க்கைப் பாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சொன்னார்கள், என்னை மனநல டாக்டர் பார்ப்பார் என்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. மனசுக்கு டாக்டர் என்றால் அன்றைக்குச் சங்கிலி போட்டுக் கட்டுவது ஒன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கோமளாவுக்கு ஏற்கெனவே ஊரில் ஒரு பெயர். அம்மாவும் பைத்தியம் என்று ஆனால் என்ன செய்வது? மூத்தாருக்குத் தகவல் போனது. தொண்டை ஆபரேஷன் என்ற கதை அங்கேதான் பிறந்தது.

மனநல டாக்டர் வந்தார்கள், ஒரு பொம்பளை டாக்டர். சங்கிலி இல்லை, கையில் ஒரு நோட்டும் பேனாவும்தான். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். திருநெல்வேலிப் பக்கம், பேச்சில் ஒரு இழுப்பு. வார்டில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று என்னை வெளி வராந்தாவுக்கு அழைத்துப்போனார்கள். அன்று மறுபடியும் செவ்வாய்க்கிழமை. வராந்தா பெஞ்சில் பழவேற்காட்டுக் காசியம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம், அவள் மகள் தேசம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தேசம்மாவுக்கு நடை உண்டு, ஆனால் வலிப்பு வரும், புத்தி இரண்டு வயதோடு நின்றுவிட்டது. முகம் பார்த்துச் சிரிப்போம், அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

"உங்களுக்கு என்ன செய்யுது? சொல்லுங்க" என்றார்கள் டாக்டரம்மா.

"இன்னும் பேச்சு வர்ல டாக்டரம்மா. எடது காலும் இழுத்துகினு..."

"பாப்பாவுக்குக் கேக்கல. உங்களுக்கு."

எனக்கா? யோசித்தேன். வலியா என்றால் வலி இல்லை. அழுகையா என்றால் அதுவும் வருவதில்லை. கடைசியில் எங்கள் ஊரில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது.

"இன்னாமோ, ஒரே பேஜாரா கீதும்மா."

பேனா நின்றது. "பஜாரா? பஜாருக்குப் போகணுமா? என்ன வாங்கணும்?"

பெஞ்சிலிருந்து காசியம்மா அக்கா சிரித்தாள் பாருங்கள், வராந்தா அதிர்ந்தது. "யம்மா! பஜாரு இல்லம்மா, பேஜாரு! இந்த டாக்டரம்மாவுக்கு நம்ம பாஷையே தெர்லியே!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து! அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மார்கழியிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. டாக்டரம்மா தடுக்கவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், காசியம்மா அக்காவைப் பார்த்து, "பேஜாருன்னா என்ன, சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நோவுன்னு சொல்ல முடியாதும்மா. துக்கம்னும் சொல்ல முடியாது. வலை சிக்கிகினு கீது. அவுக்கவும் முடியல, அறுத்துப் போடவும் மனசு வர்ல. கையில வச்சினு குந்திகினு கீறோம் பாரு, அதான் பேஜாரு."

டாக்டரம்மா என் கேஸ் சீட்டில், இங்கிலீஷுக்கு நடுவே, தமிழில் 'பேஜாரு' என்று எழுதினார்கள். அன்று சாயங்காலம் சுற்றி வந்த பெரிய டாக்டர் அதைப் பார்த்து, "இது எந்த வியாதி?" என்று கேட்டார். "கும்மிடிப்பூண்டி லைன்ல எல்லா அம்மாவுக்கும் இருக்கு சார். நமக்குத்தான் தெரியல" என்றார்கள்.

எனக்கும் என்னவென்று விளக்கினார்கள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சும்மா சொல்வதில்லை. மனசு வெகு நாள் இறுகிக் கிடந்தால் தொண்டைச் சதையும் இறுகிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாது. "தெரியலங்கிறதுக்காக அது பொய்யாயிராது" என்றார்கள். தூங்குவதற்குக் கொஞ்ச நாள் மாத்திரை தந்தார்கள். பெரிய டாக்டரிடம் கேட்டுப் பதில் வராத கேள்வியை, ஊர்ப் பேச்சையும் சேர்த்து, இவர்களிடம் கேட்டேன். "உங்க தப்பு இல்ல. கிரகணமும் இல்ல, பூசணிக்காயும் இல்ல" என்று நாலு வார்த்தையில் முடித்தார்கள். இரண்டு வருடம் அதற்காகக் காத்திருந்தேன்.

அடுத்த செவ்வாயிலிருந்து அந்த வராந்தா பெஞ்சு எங்களுடையது ஆனது. குழந்தைகளைக் காட்டி முடித்ததும் அம்மாக்கள் அரை மணி நேரம் அங்கே உட்கார வேண்டும். ஒரே ஒரு விதி, குழந்தையைப் பற்றிப் பேசக் கூடாது. உன்னுடைய பேஜாரு என்ன, அதை மட்டும் சொல். முதல் நாள் நாங்கள் நாலு பேர், ஆளுக்கொரு குழந்தை காலடியில். அரை மணி நேரமும் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. வெட்கம் என்று நினைக்காதீர்கள். குழந்தையை எடுத்துவிட்டால் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை! காசியம்மா அக்காதான் கடைசியில், "எனுக்கு முறுக்கு துன்னணும் போல கீது. நாலு வருசமா கீது" என்றாள். அடுத்த வாரம் ஒருத்தி முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தாள்.

சோழவரத்திலிருந்து ராணி என்று ஒருத்தி வருவாள். அங்கே கார் பந்தயம் நடக்கும் நாளில் மட்டும் அவள் குழந்தை விடாமல் சிரிக்குமாம். மற்ற நாளில் யார் எது சொன்னாலும் திரும்பிப் பார்க்காது. அதைச் சொல்ல ஆரம்பித்தவளை, "கொழந்த பேச்சு கூடாது" என்று எல்லாரும் அடக்கினோம். அவள் முறைத்துவிட்டுச் சொன்னாள், "செரி, என் பேச்சு. எனுக்கும் அந்தக் காருல ஒண்ணுல ஏறி எங்கனா ஓடிப் போயிடலாம்னு கீது." யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "இந்தப் பொண்ணு தூக்கத்துலயே போயிட்டா நல்லா இருக்கும்னு சில நாளு தோணுது." சொன்னவுடன் தலை குனிந்துகொண்டேன், பெஞ்சு பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. காலடியில் கோமளா என் புடவைத் தலைப்பை உருவிக்கொண்டிருந்தாள். ராணி, "எனுக்கும்" என்றாள். காசியம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனுக்கு எத்தினி தபா" என்றாள். நாலாவது பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "நெனைச்சுக்கிட்டேதானம்மா சோறும் ஊட்டுதீங்க? நெனைக்காதவ ஊட்டுறதவிட இது கஷ்டம்லா."

அன்று ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த நாலு இட்லியும் இறங்கியது. நாலாவதை நான் வாயில் வைத்தபோது அவர் ரயில் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே மாதம்தான் கழுத்தில் துண்டோடு திரிந்தேன். கோமளாவுக்கு அது நல்ல விளையாட்டு. துண்டை உருவிப் போட்டுவிட்டுத் தொண்டையில் கையை வைத்துத் தட்டிப் பார்ப்பாள். விருந்தாளி முன்னால் உருவிவிடக் கூடாதே என்று நான் படாத பாடு பட்டேன்.

செவ்வாய்க்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. இன்றைக்கு நினைத்தால் என் வாழ்க்கையில் நான் ஆசையாகக் காத்திருந்த கிழமை அதுதான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டோம். "இன்னா பேஜாரு?" என்போம். ஐப்பசியில் டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் போனால் பெஞ்சையும் காணவில்லை, அந்த இடத்தில் ஒரு பீரோ நின்றது. நான் அழுகிற மாதிரி ஆகிவிட்டேன். காசியம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "பெஞ்சு போனா இன்னா? ரயில்ல பெஞ்சு இல்லியா?"

அன்றிலிருந்து திரும்பி வரும் பாசஞ்சரின் மரப் பெஞ்சு எங்கள் பெஞ்சு ஆனது. ராணிக்கு எங்கள் ரயில் வழி இல்லை. இருந்தாலும் ஸ்டேஷன் வரை வந்து, வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போவாள். அக்கா பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டு பஸ் பிடிப்பாள். இறங்கும்போது என் மடியில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் விழும். பெட்டி முழுக்க நாற்றம் என்று மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், எங்களுக்கென்ன? அத்தனை நேரமும் கோமளா என் காலடியில் உட்கார்ந்து கரித்தூளை விரலால் தொட்டுத் தரையில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்கிறாள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

கார்த்திகை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். குளத்துப் படியில் என் வீட்டுக்காரர் வேட்டி மடிப்பிலிருந்து வெல்லத்தை எடுத்தார். இரண்டு அச்சு இருந்தது.

"இன்னாத்துக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு அதுக்கு" என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு உனுக்கு" என்றார். அன்றைக்கு அவர் கணக்குக்கு அதுவே அதிகம்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் மூத்தார் கூடத்தில் உட்கார்ந்தார். கன்னியம்மா அக்கா என் பெட்டியில் கிடந்த பாரத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்காமல். "அந்த எடம் காலியாயிடுச்சாம். இந்த வாரம் கொண்டாந்து வுடணுமாம். ஒன் இஷ்டம்தான்னு சொல்றாரு" என்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். என் வீட்டுக்காரர் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனவர், வாளியோடு முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

பொய் சொல்லமாட்டேன். நான் பேனாவைத் திறந்தேன். என் உடம்பு தேறியிருந்தது, ஆனால் பயம் தேறவில்லை. மறுபடியும் விழுந்தால் யார் தூக்குவார்கள்? டாக்டரம்மாவும் இல்லை. பாரத்தைச் சுவரில் வைத்து, கோடு போட்ட இடத்தில் 'வே' என்று எழுதினேன். என் பெயர் வேதவல்லியில் முதல் எழுத்து.

கோமளா சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். என் மேல் சாய்ந்து நின்றாள். துண்டை உருவிய பழக்கத்தில் கையைத் தூக்கி என் தொண்டையில் வைத்தாள். வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, வெகு நேரம் முயற்சி செய்து,

"இ...ன்...னா பே...யாயு?" என்றாள்.

ஏழு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. 'அம்மா' இல்லை, 'சோறு' இல்லை. அத்தனை செவ்வாய்க்கிழமையும் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து பொறுக்கி வைத்திருந்த வார்த்தை.

கூடத்தில் மூத்தார் நிமிர்ந்தார். "இன்னா சொல்லுது கொழந்த?" என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை, விழித்தார்கள். நான் கதவைத் தாண்டி வெளியே வந்து, கல்யாணமாகி வந்த நாள் முதல் முதன்முறையாக அவர் எதிரில் நின்றேன்.

"என்னைக் கேக்குது மாமா. ஒனுக்கு இன்னா பேஜாருன்னு கேக்குது. இந்த ஊட்டுல யாரும் கேக்கல, இது கேக்குது."

அவர் என்னையும் பார்த்தார், கோமளாவையும் பார்த்தார். கையை நீட்டிப் பாரத்தை வாங்கி, அந்த 'வே'யைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அடுத்த தைக்குப் பாத்துக்கலாம்" என்றார். இந்த முறை அக்காவிடம் சொல்லவில்லை, நேராக என்னிடம் சொன்னார்.

அடுத்த தையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுபடி ஒரு முறை எனக்குத் தொண்டை அடைத்தபோது மாட்டைப் பார்ப்பதும் வயலைப் பார்ப்பதும் தங்கள் பொறுப்பு, நீ ரயிலேறு என்று அவரும் அக்காவும் சொன்னார்கள். பாரம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் ஒற்றை எழுத்தோடு இருக்கிறது.

தேசம்மா பத்தொன்பது வயதில் வலிப்பிலேயே போய்விட்டாள். இனி காசியம்மா அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் வெறும் மடியோடு ரயிலில் உட்கார்ந்திருந்தாள். "எனுக்கு இன்னும் பேஜாரு கீதே" என்றாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வந்து, கரி எஞ்சின் போய், டிபன் பாக்ஸ் தூக்கின ஆட்கள் பெட்டியில் நிறையும்வரை வந்துகொண்டிருந்தாள். அவளும் இப்போது இல்லை. கன்னியம்மா அக்கா, மூத்தார், என் வீட்டுக்காரர், யாரும் இல்லை. நானும் கோமளாவும் இருக்கிறோம். அவளுக்கு அறுபதுக்கு மேல். மொத்தம் முப்பது வார்த்தை பேசுவாள். முதலில் வந்ததுதான் இன்றும் தெளிவு.

உமா வாசற்படியில் உட்கார்ந்தாளே, நான் எழுந்திருக்க முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கோமளா சுவரைப் பிடித்துக்கொண்டு போய், சிரமப்பட்டு அவள் பக்கத்தில் குந்தி, அவள் தொண்டையில் கையை வைத்தாள்.

"இன்னா பேயாயு?"

உமாவுக்கு மதுரைப் பக்கம். அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "பஜாரா? இப்பத்தானக்கா பஸ்ஸ விட்டு எறங்குனேன். பஜாருல என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கோமளா சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.